தொண்ணூற்றேழாம் வருஷத்து வெள்ளைப் படம்

மேட்டு ஸ்கூல் என்று சொன்னால் ஏற்காட்டில் யாரும் கையை நீட்டி வழி காட்டிவிடுவார்கள். முழுப்பெயரைக் கேட்டால் அங்கே படித்தவர்களே தலையைச் சொறிவார்கள். அந்தக் காலத்தில் ஒரு துரை காபி மூட்டை அடுக்கி வைத்திருந்த கொட்டகை அது. அவர் கப்பல் ஏறும்போது, விற்க மனசில்லாமலோ வாங்க ஆளில்லாமலோ, மிஷன் சாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாமியார் மூட்டைகளை எடுத்துவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தார். பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. அப்புறம் எத்தனையோ கட்டடங்கள் வந்தும் ஒன்பதாம் வகுப்பு இன்னமும் அந்தக் கொட்டகையில்தான் நடக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் பழைய சுவரிலிருந்து காபி வாசம் கிளம்பும். பசியோடு கணக்குப் போடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொட்டகைக்கு எதிரே இருக்கிற கல்படியில் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, நீள வராந்தாவில் மாட்டுவார்கள். எந்த வருஷமும் விட்டுப்போகக் கூடாது. முதல் படங்களில் வேட்டி கட்டிய பையன்கள் செருப்பில்லாமல் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்சம் தள்ளி வந்தால் பெண் பிள்ளைகள், அப்புறம் ஸ்வெட்டர், அப்புறம் கலர். நடுவில் ஒரு கறுப்பு நாய் மூன்று வருஷப் படத்தில் தொடர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். அது பத்தாவதில் பெயிலாகிப் பெயிலாகித் திரும்ப எழுதியது என்று சொல்லிப் புதுப் பிள்ளைகளை ஏமாற்றுவார்கள்.

ஜெஸ்லினுக்கு அத்தனை படத்திலும் ஒன்றே ஒன்றுதான் முக்கியம். தொண்ணூற்றேழாம் வருஷத்துப் படம். அதில் ஒன்றுமே தெரியாது.

ஒன்றுமே என்றால் ஒன்றுமேதான். கீழே கல்படி தெரியும். அதன்மேல் ஒரு வரிசைக் கால்கள், பாவாடை ஓரம், யாரோ ஒருவனின் அவிழ்ந்த ஷூ லேஸ். அதற்குமேல் பால் கொட்டின மாதிரி வெள்ளை. மேல் மூலையில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். பூஞ்சை பிடித்திருக்கிறது என்பார்கள். ஜெஸ்லின் ஒருநாள் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை, கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

மலைக்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். போட்டோக்காரர் சேலத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு நாள் மலையேறி வருகிறவர். அன்றைக்குப் பார்த்து மூடுபனி. அவர் பயந்துபோய், "ஏனுங்க, இதுல எப்படி எடுக்கறது? ஆள் தெரியுதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இதெல்லாம் ஒரு பனிங்களா? நல்லாத்தான் தெரியுதுங்களே" என்று பெரிய வாத்தியார் முதற்கொண்டு அத்தனை பேரும் சாதித்திருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். பிறந்ததிலிருந்து பனிக்குள்ளேயே நடந்து பழகினவர்களுக்கு, எதிரே வருகிறவன் இன்னாரென்று இருமலை வைத்தே தெரிந்துவிடும். கேமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிரிண்ட் வந்தபோது பள்ளிக்கூடமே வாயடைத்துப் போயிற்று. பெரிய வாத்தியார் மட்டும் அசரவில்லை. நல்ல மனுஷர், ஆனால் பிடிவாதத்தில் உடும்பு. "புள்ளைங்க படியில நின்னுச்சுங்களா இல்லையா? நின்னுச்சுங்கல்ல? அப்ப மாட்டு" என்றுவிட்டார்.

அந்த வெள்ளைக்குள் எங்கோ ஜெஸ்லினின் அம்மா மரியசெல்வி பதினைந்து வயதில் நிற்கிறாள்.

ஜெஸ்லினுக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு காய்ச்சல் வந்து அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் இருப்பது கல்யாண ஆல்பம் மட்டும்தான். அதில் எல்லாப் பக்கத்திலும் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, முகத்தைவிட மாலைதான் அதிகமாகத் தெரிகிறது. அப்பா மரியஜோசப் எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கூலி, காபி எடை எல்லாம் கணீரென்று சொல்லுவார். அம்மாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் தொண்டையைச் செருமிவிட்டு வேறு வேலை பார்ப்பார். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம், "அப்படியே உங்கம்மா கண்ணு நீ" என்கிறார்கள். அப்படியே என்றால் எப்படி? இப்போது ஜெஸ்லினுக்கும் பதினைந்து. இதே வயதில் இதே படியில் நின்ற முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அது கிடைக்காது என்று தெரிந்தும், அம்மா நின்ற இடமாவது தெரிந்தால், அந்த வெள்ளையில் அந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கலாமே என்று நினைத்தாள்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஒரு கோணங்கிப் பழக்கம் இருந்தது. ஒரு கன்னத்தை மட்டும் உப்பி, கீழுதட்டை மடித்து, கண்ணிரண்டையும் மூக்கு நுனியைப் பார்க்க விடுவாள். பார்க்கிறவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. இதற்காக வகுப்புக்கு வெளியே அவள் நின்ற நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் செய்தால் அப்பா திட்டமாட்டார். எழுந்து வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்துவிடுவார். நேற்றுப் பிளந்த விறகு மலைபோலக் கிடந்தாலும் பிளப்பார். அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் அந்த மூஞ்சியை அவள் விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நூறாவது ஆண்டு. புதுசாக வந்த தலைமையாசிரியை சிஸ்டர் ஆன்மேரி வராந்தாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் படங்களை எல்லாம் இறக்கச் சொன்னார். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் யார் யார் என்று பித்தளைத் தகட்டில் பெயர் போடவேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் வெள்ளைப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல யாருக்குன்னு பேர் போடறது? ஸ்டோர் ரூம்ல வெச்சிருங்க."

படம் இறக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குள்ளிருந்து ஜெஸ்லின் முன்னால் வந்தாள். "சிஸ்டர், இதுல எங்கம்மா இருக்காங்க."

சிஸ்டர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எங்க இருக்காங்க, காட்டு?"

அவளால் காட்ட முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. சிஸ்டர் இளகின மனசுக்காரர், உடனே குரலை இறக்கினார். "சரி, அழுவாத. சனிக்கிழமை பழைய மாணவருங்க எல்லாம் வர்றாங்க இல்ல? அன்னைக்கு யாராவது இவங்க இன்னார் இன்னார்னு வரிசையாச் சொல்லட்டும். சொல்லிட்டா நானே மாட்டறேன்."

கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். அன்றிலிருந்து ஜெஸ்லினுக்கும் அப்படித்தான்.

முதலில் கிங்ஸ்டனைப் பிடித்தாள். அம்மாவோடு படித்தவர், மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறார். ஜீப்பில் ஆள் சேரும்வரை காத்திருந்தபடி அவர் சொன்னார்: "உங்கம்மாளா? எனக்கு எடதுபக்கந்தான் நின்னா கண்ணு. அந்த சிரிப்பு இன்னும் எங் கண்ணுக்குள்ளயே நிக்குது போ. அவ சிரிச்சதுல நானும் சிரிச்சு, பெரிய வாத்தியாரு மொறச்சாரு."

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் தேவகுமாரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அவங் கெடக்கறான் புளுகன். பொம்பளப் புள்ளைக்குப் பக்கத்துல அவன எவரு நிக்க உட்டாங்க? செல்வி எம் பக்கத்துல நின்னா. எண்ண வெச்சுப் படிய வாரி ரெட்டஜடை. மூக்குல பனித்தண்ணி சொட்டிக்கிட்டு நின்னுச்சு, நாந்தான் தொடச்சுக்கடின்னேன். எனக்கு நல்லா நாபகம் இருக்குது கண்ணு." சொல்லிவிட்டு ஒரு பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தாள். காசு வாங்கமாட்டேன் என்று கையை மடக்கிவிட்டாள்.

மஞ்சக்குட்டையில் மிளகும் ஆரஞ்சும் வைத்திருக்கிற முருகன் வேறு மாதிரி சொன்னார். "எனக்கு முன்வரிசையில நின்னுச்சு சாமி. திரும்பிப் பார்த்து என்னமோ கோமாளித்தனம் பண்ணுச்சு. என்னான்னு இப்ப சொல்லத் தெரியல. வகுறு புண்ணாகிப் போச்சு, நொம்ப சிரிச்சோம்."

குருடர்கள் யானையைத் தடவிய கதைதான். ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். ஆனால் ஒருத்தரும் மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அம்மா என் பக்கத்தில் நின்றாள் என்று இத்தனை பேர் சண்டைக்கு நிற்பது ஜெஸ்லினுக்கு உள்ளுக்குள் இனித்தது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. வாய்தானே ஆளுக்கொன்று சொல்கிறது, எல்லாரையும் கூட்டிப் படியிலேயே நிற்க வைத்துவிட்டால்? அவரவர் இடத்தில் அவரவர் நின்றுவிட்டால், மிச்சமாகிற இடம் அம்மாவுடையது. கணக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. பழைய மாணவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சாப்பாட்டுக் கூடத்தில் பிரியாணிக்கு முண்டியடித்தார்கள். தொண்ணூற்றேழாம் வருஷத்துக்காரர்களை மட்டும் தேவகுமாரி அதட்டி உருட்டிக் கல்படிக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். பாதிக்குமேல் வந்திருந்தார்கள். வழுக்கையும் தொப்பையும் நரையுமாகப் படியேறி நின்று, "தள்ளுடா", "நீ தள்ளுடி" என்று பத்தாம் வகுப்பாகவே மாறிவிட்டார்கள். முருகன் மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு கூடை ஆரஞ்சோடு வந்து சேர்ந்தார். சிஸ்டர் ஆன்மேரி வெள்ளைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்றார். பக்கத்தில் ஜெஸ்லின், சிஸ்டரின் போனோடு. எல்லாரும் இடம் பிடித்தபின் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பெயர் வரிசை தப்பாது என்று ஏற்பாடு. அப்பா வரவில்லை. எஸ்டேட்டில் வேலை இருக்கிறது என்று காலையிலேயே போய்விட்டார்.

அவிழ்ந்த ஷூ லேஸ் யாருடையது என்பதிலிருந்து தொடங்கினார்கள். அது கிங்ஸ்டனுடையது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அங்கிருந்து ஒவ்வொருவராக நகர்ந்து, இடித்து, மாறி நின்றார்கள். கால்கள் மறக்கவில்லை போலும், அரைமணியில் வரிசை கூடிவிட்டது. நடுநடுவே இடைவெளிகள் இருந்தன.

"அந்த எடம் யாரு?" என்று கிங்ஸ்டனின் இடதுபக்கத்தைக் காட்டிக் கேட்டாள்.

"செல்விதான்" என்றார் கிங்ஸ்டன்.

"ராமசாமிடா அது!" என்று நாலு பேர் கத்தினார்கள். "உன் தோள்மேல கைய போட்டுக்கிட்டு நின்னான், மறந்துட்டியா?" ராமசாமி போன வருஷம் இறந்துபோயிருந்தார். கிங்ஸ்டன் தலையாட்டிவிட்டு, இடதுபக்கம் கொஞ்சம் தாராளமாகவே இடம் விட்டு நின்றார்.

தேவகுமாரிக்குப் பக்கத்து இடம் ஷெர்லினுடையதாகப் போயிற்று. துபாயில் இருக்கும் அவளையே போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஆமாடி, நாந்தான். நீ எங் கால மிதிச்ச" என்று ஷெர்லின் அங்கிருந்தே சண்டை போட்டாள். முருகனுக்கு முன்னால் இருந்த இடம் முருகேசனுடையது. வெள்ளைப் படத்தில் அங்கே தெரிந்தது ஒரு பையனின் கால்சட்டை ஓரம். இப்படி ஒவ்வொரு இடைவெளிக்கும் ஓர் ஆள் கிடைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிச்சமாக ஓர் இடமும் இல்லை.

"அப்ப எங்கம்மா?" என்றாள் ஜெஸ்லின்.

தேவகுமாரி முந்தானையைத் திருகிக்கொண்டு, "இருந்தாளே கண்ணு. எம் பக்கத்துலதான் இருந்த மாதிரி இருக்குதே" என்றாள். குரலில் பழைய உறுதி இல்லை. சிஸ்டர் மெதுவாக ஜெஸ்லினின் தோளில் கை வைத்தார். அன்றைக்கு மரியசெல்வி பள்ளிக்கூடத்துக்கே வரவில்லையோ என்று அவர் மனசில் ஓடியது முகத்தில் தெரிந்தது. ஜெஸ்லினுக்கும் அதுதான் ஓடியது. இத்தனை வருஷம் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேடினது ஆளே இல்லாத படத்திலா?

ஆனால் அவள் கணக்கில் கெட்டிக்காரி. அழுகை வரும்போதும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"மாமா, அம்மா சிரிச்சது கண்ணுக்குள்ளயே இருக்குதுன்னீங்க. ஆன்ட்டி, மூக்குல தண்ணி சொட்டுச்சுன்னீங்க. எல்லாரும் எங்கம்மா மொகத்தைத்தான் சொல்றீங்க. படத்துக்கு நிக்கறப்ப நேராத்தானே பாப்பாங்க? பக்கத்துல நின்னிருந்தா மொகம் எப்படிங்க தெரிஞ்சுது?"

படியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முருகன்தான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட சாமி! கொடை! கொடை புடிச்சாளேப்பா!"

அவ்வளவுதான், அணை உடைந்தமாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பனித்தண்ணி கேமராமேல் சொட்டுகிறது, யாராவது உயரமானவங்க வந்து குடை பிடிங்க என்று போட்டோக்காரர் கேட்டார். மரியசெல்விதான் வரிசையை விட்டு ஓடினாள். ஒரு படம் எடுத்ததும் நீ போய் நில்லும்மா, உன்னையும் சேர்த்து இன்னொன்று எடுக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அதற்குள் அவருக்கே அவர் கை தெரியாத அளவுக்குப் பனி இறங்கிவிட்டது, இன்னொரு படம் எடுக்கவே இல்லை. அந்த ஒரு படத்துக்கு நின்றபோது அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தது கேமராவை அல்ல, அதன் பக்கத்தில் குடையோடு நின்ற அவளைத்தான்.

சிஸ்டர் கையிலிருந்த படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேல் மூலையில் இருந்த கறுப்புத் திட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். வளைவாக, ஒரு கம்பி முனை மட்டும் துருத்திக்கொண்டு இருந்தது. "பூஞ்சைன்னு நினைச்சேனே" என்றார்.

ஜெஸ்லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா படத்தில் இல்லை. அம்மாவின் குடை மட்டும் இருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"எல்லாரும் உர்ருன்னு நிக்கறோம்னு ஒரு மூஞ்சி பண்ணுனா பாரு" என்றார் கிங்ஸ்டன். "எப்படின்னா கண்ணு, இப்படி..." அவர் வாயைக் கோணினார். பல்வலி வந்தவர் மாதிரி இருந்தது. "அது இல்லடா" என்று தேவகுமாரி இரண்டு கன்னத்தையும் உப்பிக் காட்டினாள். அதுவும் இல்லை. முருகன் நாக்கை நீட்டிப் பார்த்தார். வயசான மனுஷர்கள் எல்லாம் படியில் நின்று ஆளுக்கொரு விதமாக முகத்தைக் கோணிக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையாட்டினார்கள். "கண்ணு ரெண்டும்..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

கேமரா நின்ற இடத்தில், போனைக் கையில் பிடித்தபடி, ஜெஸ்லின் ஒரு கன்னத்தை மட்டும் உப்பினாள். கீழுதட்டை மடித்தாள். கண்ணிரண்டையும் மூக்கு நுனிக்கு விட்டாள்.

தேவகுமாரி, "செல்வி!" என்று வீறிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். கிங்ஸ்டன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மொத்த வரிசையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளையே பார்த்துச் சிரித்தது. ஜெஸ்லின் போனில் அழுத்தினாள். அன்றைக்கு அம்மா பார்த்தது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டாள். படம் பரவாயில்லாமல்தான் வந்திருந்தது.

வெள்ளைப் படத்தை அன்று சாயங்காலமே சிஸ்டர் ஆணி அடித்து மாட்டினார். தகட்டில் பெயர்களெல்லாம் வரிசையாக வந்தபின், கடைசியில் தனி வரியாக, "குடை பிடித்தது: மரியசெல்வி" என்று போடவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஜெஸ்லின் வீட்டுக்கு வந்தபோது அப்பா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நடந்ததெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். ராமசாமி இடம், ஷெர்லின் சண்டை, குடை எல்லாம். அப்பா திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மூஞ்சி விஷயத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"அப்பா, அத எனக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தா?"

மரியஜோசப் தொண்டையைச் செருமினார். விறகுக் கட்டையைப் பார்த்தார். ஜெஸ்லினும் பார்த்தாள். வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் பானையை இறக்கி வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ சோறு திங்க மாட்ட. அடம். உங்கம்மா மடியில வெச்சு அப்படிப் பண்ணுவா. நீயும் அதப் பாத்துத் திருப்பிப் பண்ணுவ. வாயத் தொறக்கறப்ப ஒரு உருண்டய உள்ள தள்ளிருவா." அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தார். "நீ பண்றப்பெல்லாம் அவளே வந்து நின்ன மாதிரி இருக்கும். உம் முன்னால அழுவக் கூடாதுன்னு வெளிய போயிருவேன்."

வெளியே மலைமேல் பனி இறங்கி ஜன்னல் கண்ணாடி வெளுத்திருந்தது. அப்பா சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நேராக அவளைப் பார்த்தார்.

"இன்னொருக்கா பண்ணு சாமி" என்றார்.